பில்லி ஹெவிட் ஏன் ஹாக்கி புகழ் மண்டபத்தில் இருக்கிறார்?

டொராண்டோ நகரிலுள்ள ஹாக்கி புகழ் மண்டபத்தில் ஆட்டக்காரர்களுக்கு ஒரு பிரிவும், விளையாட்டை வளர்த்தெடுத்தவர்களுக்கு ஒரு பிரிவும் இருக்கின்றன. இரண்டாவது பிரிவில் 1947ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட டபிள்யூ. ஏ. ஹெவிட்டைப் பற்றித்தான் கேள்வி. இவர் பேர்பெற்ற ஆட்டக்காரர் அல்ல, பயிற்சியாளரும் அல்ல. காசு வாங்காமல் ஆடுகிறவர்களுக்கான அமெச்சூர் சங்கம் ஒன்றின் செயலாளர். கடிதம் எழுதுவதும் கணக்கு வைப்பதும்தானே செயலாளரின் வேலை, அதற்காகவா இவ்வளவு பெரிய மரியாதை?

ஆம், கடிதம் எழுதியதற்காகவும் கணக்கு வைத்ததற்காகவும்தான். அந்தக் கடிதங்களும் கணக்குகளும் எதைத் தீர்மானித்தன என்று தெரிந்தால், மரியாதை ஏன் என்பது புரியும். அதே கடிதங்கள் சில இளைஞர்களின் வாழ்வில் எவ்வளவு கடுமையாக விழுந்தன என்பதும் புரியும். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். ஒன்றை விட்டு மற்றொன்றைச் சொன்னால் ஹெவிட்டின் வாழ்க்கை பாதிதான் தெரியும்.

நம் ஊரில் ஹாக்கி என்றால் தரையில் ஆடும் ஆட்டம். இங்கே பேசுவது பனித்தளத்தில் சறுக்குக் காலணி அணிந்து ஆடும் ஐஸ் ஹாக்கியைப் பற்றி. கட்டுரை முழுவதும் ஹாக்கி என்று வருவது அதையே குறிக்கும்.

வில்லியம் ஆபிரகாம் ஹெவிட் 1875ஆம் ஆண்டு மே 15 அன்று, ஒன்டாரியோ மாகாணத்தில் ஏரிக்கரை ஊரான கோபர்க்கில் பிறந்தார். பில்லி என்றே எல்லோரும் அழைத்தார்கள். வளர்ந்தது டொராண்டோவில். இளவயதிலேயே பத்திரிகை வேலைக்குப் போனார். டொராண்டோவில் ஒரு நாளிதழ், சிறிது காலம் மான்ட்ரியால் ஹெரால்டு என்று இருந்துவிட்டு, 1900ஆம் ஆண்டு வாக்கில் டொராண்டோ ஸ்டார் நாளிதழின் விளையாட்டு ஆசிரியராக அமர்ந்தார். 1931 வரை அந்த நாற்காலி அவருடையது. 1903இல் ஒன்டாரியோ ஹாக்கி சங்கம் அவரைச் செயலாளராக்கியது. பத்திரிகை வேலையை விடாமலே இந்தப் பொறுப்பையும் ஏற்றார். அப்போது அவருக்கு வயது 28. அதன்பின் அச்சங்கத்தோடு இருந்த தொடர்பு அவர் 1966இல் இறக்கும்வரை அறுந்ததே இல்லை.

அவர் பொறுப்பேற்றபோது சங்கம் எந்த நிலையில் இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். ஒன்டாரியோ ஹாக்கி சங்கம் 1890இல் டொராண்டோவின் குயீன்ஸ் ஹோட்டலில் கூடிய சிலர் தொடங்கியது. கனடாவின் ஆளுநர் நாயகமாக இருந்த ஸ்டான்லி பிரபுவின் மகன் ஆர்தர் ஸ்டான்லியும் அவர்களில் ஒருவர். பள்ளி, கல்லூரி, ராணுவம், வங்கி என்று வசதியான வீட்டுப் பிள்ளைகள் ஆடிய ஆட்டம் அது. காசுக்கு ஆடக்கூடாது என்பது அவர்களுக்கு இயல்பாகவே தோன்றிய விதி, ஏனென்றால் காசுக்கு ஆட வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. பத்தே ஆண்டுகளில் ஆட்டம் சிற்றூர்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் பரவியது. விதி மட்டும் அப்படியே இருந்தது.

அந்த விதி எவ்வளவு இறுக்கமாக நடைமுறையில் இருந்தது என்பதற்கு 1898இல் நடந்த ஒன்று போதும். இன்று கிச்சனர் என்று அழைக்கப்படும் ஊருக்கு அப்போது பெர்லின் என்று பெயர். பக்கத்து ஊரான வாட்டர்லூவைப் பெர்லின் அணி தோற்கடித்தது. ஊர்ப் பெருமை தலைக்கேறிய மேயர், ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் பத்து டாலர் தங்கக் காசைப் பரிசாகக் கொடுத்தார். அது நினைவுப் பரிசு என்று அணியினர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார்கள். சங்கம் கேட்கவில்லை. காசு வாங்கியவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்று சொல்லி வெளியேற்றிவிட்டது. அந்த அணியில் ஆடிய ஜான் கிப்சன் பல் மருத்துவராகி, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தாமிரச் சுரங்க ஊரான ஹௌட்டனில் குடியேறினார். வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்து நடத்தப்பட்ட முதல் ஹாக்கி லீக் 1904இல் அங்கேதான் உருவானது, அவருடைய பெருமுயற்சியால். ஒன்டாரியோ கதவைச் சாத்தியபோது எல்லைக்கு அப்பால் வேறொரு கதவு திறந்தது. ஹெவிட்டின் செயலாளர் வாழ்க்கை முழுவதையும் விரட்டிய சிக்கல் இது.

1899 முதல் 1905 வரை சங்கத்தின் தலைவராக இருந்தவர் ஜான் ராஸ் ராபர்ட்சன். டொராண்டோவின் ஈவினிங் டெலிகிராம் நாளிதழின் உரிமையாளர், குழந்தைகள் மருத்துவமனைக்கு வாரி வழங்கிய செல்வந்தர், அமெச்சூர் கொள்கையில் அணுவளவும் வளையாதவர். ஹெவிட் வேலை பார்த்ததோ போட்டிப் பத்திரிகையில். ஆனாலும் ராபர்ட்சன் வகுத்த கொள்கையை அவர் போன பின்னும் பல பத்தாண்டுகள் நடைமுறைப்படுத்தியவர் ஹெவிட்தான். தலைவர்கள் ஓரிரு ஆண்டுகளில் மாறுவார்கள். விதி எப்போது, ஏன் வந்தது, கடைசியாக யார்மேல் பாய்ந்தது என்பதெல்லாம் செயலாளருக்குத்தான் தெரியும். புதிதாக வரும் தலைவர் அவரைக் கேட்காமல் எதையும் முடிவு செய்ய முடியாது. அதிகாரம் அப்படித்தான் அவர் கைக்கு வந்து சேர்ந்தது. யாரிடமிருந்தும் அவர் அதைப் பறிக்கவில்லை.

அன்றைய செயலாளர் என்ன செய்தார் என்பதற்கு வருகிறேன். இதைப் பலரும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் அவருடைய வாழ்க்கையின் மையமாகத் தெரிகிறது.

செயற்கைப் பனித்தளம் பரவுவதற்கு முன், ஒன்டாரியோவின் ஹாக்கிப் பருவம் வானிலையின் கையில் இருந்தது. கடுங்குளிர் வந்தால்தான் தளம் உறையும். மார்ச்சில் வெயில் ஏறினால் இறுதிச் சுற்றுகள் நடக்கும்போதே தளம் உருகும். இந்தச் சில வாரங்களுக்குள் பெரியவர், இடைநிலை, இளையோர் என்று பல பிரிவுகளில் மாகாணம் முழுவதும் உள்ள ஊர்களின் அணிகளை மோதவிட்டு, ஒவ்வொரு பிரிவிலும் ஒரு வெற்றியாளரைக் கண்டுபிடிக்க வேண்டும். ரயில் நேரத்துக்கு ஏற்ப ஆட்டங்களைக் குறிக்க வேண்டும். நாக்அவுட் சுற்றில் இரு அணிகளும் ஆளுக்கொரு முறை சொந்த ஊரில் ஆடி, இரண்டு ஆட்டத்தின் கோல்களையும் கூட்டிப் பார்ப்பது வழக்கம். இரண்டாம் ஆட்டத்துக்குள் தளம் கரைந்துவிட்டால் என்ன செய்வது என்பதைத் தந்தியில் முடிவு சொல்ல வேண்டும். எந்த ஊருக்கும் சார்பில்லாத நடுவரைத் தேடிப் பிடித்து அனுப்ப வேண்டும். தோற்ற அணி புகார் எழுதினால் விசாரிக்க வேண்டும்.

புகார்களில் பெரும்பகுதி ஒரே வகை: எதிரணியில் ஆடிய இன்னார் அந்த ஊர்க்காரர் அல்ல, அல்லது அவர் காசு வாங்கியவர். வசிப்பிட விதி என்ற ஒன்றைச் சங்கம் வைத்திருந்தது. பருவம் தொடங்குவதற்கு முன் குறிப்பிட்ட தேதிக்குள் அந்த ஊரில் குடியிருந்தால்தான் அந்த ஊர் அணிக்கு ஆடலாம். ஆலை முதலாளிகளும் வணிகர்களும் நல்ல ஆட்டக்காரரை ஊருக்கு வரவழைத்து, பெயருக்கு ஒரு வேலை கொடுத்து, வேறு வழியில் பணம் தந்தார்கள். அவரும் அமெச்சூர்தான் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். எது உண்மையான வேலை, எது கண்துடைப்பு என்று பிரித்துப் பார்ப்பது ஹெவிட்டின் மேசைக்கு வந்தது. ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் பதிவு, அதில் கையெழுத்து, பிறந்த தேதி, வசிப்பிடம், முன்பு ஆடிய அணி என்று அவர் ஒழுங்குபடுத்திய முறை பின்னாளில் நாடு முழுவதற்கும் பொதுவான பதிவு முறையாயிற்று. 1914இல் ஒட்டாவாவில் கனடா அமெச்சூர் ஹாக்கி சங்கம் உருவாவதற்காகப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். 1915 முதல் அதன் செயலாளர்–பொருளாளர், 1921 முதல் பதிவாளர், 1925 முதல் பதிவாளர்–பொருளாளர். கடைசிப் பதவியை 1961 வரை, அதாவது 86 வயது வரை வகித்தார். கியூபெக் மாகாணத்தில் தடை பெற்ற ஒருவர் மானிடோபாவுக்குப் போய் வேறு சட்டையில் ஆடிவிட முடியாது என்ற நிலை வந்தது இந்தப் பதிவேட்டால்தான்.

இந்தப் பதிவேட்டின் கூர்முனை யாரைக் குத்தியது என்பதற்குச் சைக்ளோன் டெய்லரின் கதையைச் சொல்ல வேண்டும். ஃபிரெட் டெய்லர் லிஸ்டோவெல் என்ற சிற்றூரில் வளர்ந்தவர், அங்கே பியானோ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், சறுக்குவதில் அவருக்கு இணை இல்லை. டொராண்டோவின் மார்ல்பரோஸ் அணிக்கு ஆட வருமாறு ஹெவிட் தொலைபேசியில் அழைத்ததாகவும், தனக்குச் சொந்த ஊரே போதும் என்று மறுத்ததாகவும், அப்படியானால் ஒன்டாரியோவில் வேறெங்கும் ஆட முடியாது என்று பதில் வந்ததாகவும் டெய்லர் பிற்காலத்தில் சொன்னார். 1904–05 பருவத்தை அவர் ஆடாமலே கழித்தார். பிறகு மானிடோபாவுக்குப் போனார். அங்கிருந்து ஹௌட்டனுக்குப் போய்ச் சம்பள ஆட்டக்காரரானார். ஒட்டாவாவுக்காகவும் வான்கூவருக்காகவும் ஹாக்கியின் மிகப் பெரிய பரிசான ஸ்டான்லி கோப்பையை வென்று, அவர் காலத்தின் ஒப்பற்ற நட்சத்திரமானார்.

இது டெய்லர் தரப்புக் கதை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். என்றாலும் அடிப்படையை மறுக்க முடியாது. ஒரு சங்கத்தின் செயலாளர், இருபது வயதுப் பையன் ஒருவன் ஒரு குளிர்காலம் முழுவதும் ஆடுவானா மாட்டானா என்று தீர்மானிக்க முடிந்தது. அந்த ஆட்டத்துக்குச் சம்பளம் இல்லை. அமெச்சூர் என்பதால் ஒப்பந்தமும் இல்லை. ஒப்பந்தம் இல்லாதவன் எந்த நீதிமன்றத்துக்குப் போவான்? சம்பளம் தருகிற முதலாளிக்குக்கூட இல்லாத பிடி, சம்பளம் தராத சங்கத்துக்கு இருந்தது. அமெச்சூர் கொள்கையைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை. நான் ஹெவிட்டை மதிக்கிறேன், ஆனால் இந்த விஷயத்தில் டெய்லர் பக்கம்தான் நிற்கிறேன்.

1947இல் ஹெவிட் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டபோது, அதே ஆண்டு சேர்க்கப்பட்ட ஆட்டக்காரர்களில் சைக்ளோன் டெய்லரும் ஒருவர்.

அதே ஆண்டின் வளர்த்தெடுத்தவர்கள் பட்டியலில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ராபர்ட்சன், பத்திரிகை உரிமையாளர். சம்பள ஆட்டக்காரர்களின் தேசிய ஹாக்கி லீகின் முதல் தலைவர் ஃபிராங்க் கால்டர், முன்னாள் விளையாட்டுச் செய்தியாளர். ஃபிரான்சிஸ் நெல்சன், டொராண்டோ குளோப் நாளிதழின் விளையாட்டு ஆசிரியர். பிறகு ஹெவிட். அந்த ஆண்டு ஏழு பேரில் நான்கு பேர் அச்சு மையோடு பிழைத்தவர்கள். தொலைக்காட்சியும் வானொலியும் இல்லாத காலத்தில், எந்த ஊரில் எந்த அணி என்ன செய்கிறது என்று தினமும் தெரிந்துகொண்டிருந்தவர்கள் பத்திரிகைக்காரர்கள் மட்டும்தான். தந்தி அவர்கள் மேசைக்குத்தான் வந்தது. ஆகவே ஹாக்கியை நடத்தும் வேலையும் அங்கேயே வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

இன்றைய கண்ணுக்கு இது உறுத்தும், உறுத்தவும் வேண்டும். சங்கத்தின் தீர்ப்பை எழுதுகிறவரும், அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவரும் ஒரே ஆள். தடை பெற்ற ஆட்டக்காரர் தன் தரப்பைச் சொல்ல ஸ்டார் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தை நாடினால், அங்கே உட்கார்ந்திருப்பவர் தடை விதித்தவரே.

மான்ட்ரியால் ஹெரால்டு காலத்தைச் சேர்ந்த ஒரு சிறு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், அது இன்றும் ஒவ்வோர் ஆட்டத்திலும் கண்ணில் படுகிறது. ஆரம்பத்தில் ஹாக்கி கோல் என்பது பனியில் நட்ட இரண்டு கம்பங்கள், அவ்வளவுதான். கோல் நடுவர் கம்பங்களுக்குப் பின்னால் பனியிலேயே நின்று, பக் எனப்படும் ரப்பர் வட்டு உள்ளே போனதா வெளியே போனதா என்று சொல்வார். வேகமாக அடித்த பக் கண்ணுக்கே தெரியாது. ஊர்க்காரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொள்வார்கள். கம்பங்களுக்குப் பின்னால் வலையைக் கட்டினால் தகராறே இராது என்ற யோசனையைப் பரப்பியவர்களில் ஹெவிட்டின் பெயர் முன்னால் வருகிறது. நெல்சனுக்கும் அதில் பங்கு உண்டு என்பார்கள். யார் முதல் என்பது எனக்கு முக்கியமில்லை. தகராறு எழுந்தால் தீர்ப்புச் சொல்வதைவிட, தகராறு எழாதபடி ஒரு வலையைக் கட்டிவிடுவது மேல் என்ற மனப்போக்கு ஹெவிட்டின் பிற்கால வேலை முழுவதிலும் இருக்கிறது. பின்னாளில் கனடா சங்கத்தின் விதிகள் குழுத் தலைவராக, அமெச்சூர் ஆட்டத்துக்கும் தேசிய லீகுக்கும் ஒரே விதிப் புத்தகம் வரப் பேச்சு நடத்தியதும் அதே மனப்போக்குதான்.

இனி ஒலிம்பிக்ஸ். 1920இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் கோடைக்கால ஒலிம்பிக்ஸின் பகுதியாக, ஏப்ரல் மாதத்தில் முதன்முறை ஐஸ் ஹாக்கி ஆடப்பட்டது. கனடாவின் சார்பில் தனி அணி அமைக்க நேரமில்லை. அமெச்சூர் பெரியோர் பிரிவின் நாட்டளவிலான பரிசான ஆலன் கோப்பையை அந்த ஆண்டு வெல்பவர்களே போவார்கள் என்று ஏற்பாடு. வென்றவர்கள் வின்னிபெக் ஃபால்கன்ஸ். பெரும்பாலும் ஐஸ்லாந்திலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள். வின்னிபெக்கின் மேல்தட்டு அணிகள் நெடுங்காலம் தங்கள் லீகில் சேர்க்க மறுத்தவர்கள். முதல் உலகப் போருக்குப் போய் இருவரை அங்கே இழந்து திரும்பிய அணி. டொராண்டோவில் ஆலன் கோப்பையை வென்ற கையோடு, வீட்டுக்குப் போகாமல் அப்படியே துறைமுகத்துக்குப் புறப்பட்டார்கள். அவர்களோடு போனவர் ஹெவிட். பணப் பொறுப்பு அவருடையது. பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்பியவரும் அவரே. ஏப்ரல் 23 அன்று ஸ்வீடனும் பெல்ஜியமும் ஆடிய ஒலிம்பிக்ஸ் வரலாற்றின் முதல் ஹாக்கி ஆட்டத்துக்கு நடுவராக நின்றவரும் அவரே. ஸ்வீடன் 8–0 என வென்றது.

கனடா செக்கோஸ்லோவாக்கியாவை 15–0, அமெரிக்காவை 2–0, ஸ்வீடனை 12–1 என்று வென்று தங்கம் பெற்றது. பதக்கம் தீர்மானித்த முறை விந்தையானது. கனடாவிடம் 15 கோலும் அமெரிக்காவிடம் 16 கோலும் வாங்கி, அதுவரை தான் ஒரு கோல்கூடப் போடாத செக்கோஸ்லோவாக்கியா, கடைசியில் ஸ்வீடனை 1–0 என்று வென்ற ஒரே வெற்றியால் வெண்கலம் கொண்டுபோனது. ஐரோப்பாவில் அப்போது ஹாக்கி எந்த நிலையில் இருந்தது என்பதை இது காட்டும்.

1924இல் பிரான்சின் சாமொனியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்ஸுக்கு டொராண்டோ கிரானைட்ஸ் அணியோடு ஹெவிட் போனார். ஐந்து ஆட்டங்களில் 110 கோல் அடித்து 3 கோல் வாங்கினார்கள், அதில் ஸ்விட்சர்லாந்துக்கு எதிராக மட்டும் 33. 1928இல் செயின்ட் மோரிட்ஸில் டொராண்டோ பல்கலைக்கழகப் பட்டதாரிகள் அணி. அந்த அணியைத் தயார் செய்த கான் ஸ்மைத் உடன் வரவில்லை, ஹெவிட் போனார். கனடாவை நேரடியாக இறுதிச் சுற்றுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே மூன்று ஆட்டங்களில் 38 கோல், எதிரணிகளுக்கு ஒன்றுமில்லை. மூன்று ஒலிம்பிக்ஸ், மூன்று தங்கம், மூன்றிலும் ஹெவிட். இந்தப் பயணங்களை அவருடைய சாதனையாக எழுதுவது வழக்கம். ஆடி வென்றவர்கள் ஆட்டக்காரர்கள் என்பதால் நான் அதை மிகைப்படுத்த மாட்டேன். அவர் செய்தது வேறு. காசு வாங்காத, பதிவேட்டில் கறை இல்லாத, அதே நேரத்தில் உலகில் எவரும் எதிர்நிற்க முடியாத அணிகளைக் கனடா தன் ஊர்ப் போட்டிகளிலிருந்தே எடுத்து அனுப்ப முடிந்தது என்றால், அந்த ஊர்ப் போட்டிகளை இருபது ஆண்டுகளாகக் கட்டி நடத்தியவர்களில் முதன்மையானவர் அவர்.

குடும்பத்தைப் பற்றியும் கேட்பார்கள், ஏனென்றால் கனடாவில் ஹெவிட் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருபவர் மகன் ஃபாஸ்டர். டொராண்டோ ஸ்டார் நடத்திய சி.எஃப்.சி.ஏ. வானொலி நிலையத்தில் 1923இல் ஹாக்கி ஆட்டங்களை நேரடியாக வர்ணிக்கத் தொடங்கியவர்களில் ஃபாஸ்டரும் ஒருவர். சில ஆண்டுகளில் சனிக்கிழமை இரவு என்றால் அவர் குரல் என்று நாடே ஆகிவிட்டது. 1972இல் சோவியத் யூனியனோடு நடந்த புகழ்பெற்ற தொடரையும் தொலைக்காட்சியில் அவரே வர்ணித்தார். பேரன் பில்லும் அதே தொழிலுக்கு வந்தார். தந்தை கோப்புகளில் செய்ததை மகன் குரலால் செய்தார் என்று சொல்லத் தோன்றும், ஆனால் இருவர் வேலையும் ஒன்றல்ல. ஃபாஸ்டர் வர்ணித்தது பெரும்பாலும் சம்பள ஆட்டம். தந்தை காத்துவந்த அமெச்சூர் ஆட்டத்தின் கூட்டத்தை மெல்ல மெல்லக் குறைத்ததில் அந்த வானொலிக்கும் பங்கு உண்டு. தேசிய லீகின் நட்சத்திரங்களை வீட்டிலிருந்தே கேட்க முடிகிறவர், உள்ளூர் அணிக்காக உறைபனியில் நடந்து போவாரா?

1931இல் ஹெவிட் ஸ்டார் பத்திரிகையை விட்டார். அந்த ஆண்டு நவம்பர் 12 அன்று கான் ஸ்மைத் கட்டிய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கம் திறக்கப்பட்டது. 1930களின் பொருளாதாரப் பெருமந்த நிலையின் நடுவே ஐந்தரை மாதத்துக்குள் எழுப்பிய கட்டடம் அது. அங்கே நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்யும் மேலாளர் பொறுப்பை ஹெவிட் ஏற்று 1948 வரை வகித்தார். ஒன்டாரியோ சங்கத்தின் செயலாளர் பதவியையும் விடவில்லை. அந்த அரங்கத்தில் ஆடிய இளையோர் அணியான மார்ல்பரோஸ், தேசிய லீகில் ஆடும் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்கு ஆள் தயார் செய்யும் அணி, அதே ஒன்டாரியோ சங்கத்தின் கீழ் ஆடிய அணியும்கூட. பத்திரிகைக்காரர்–செயலாளர் என்ற பழைய முரண்பாடு போய், அரங்க மேலாளர்–செயலாளர் என்ற இன்னும் பெரிய முரண்பாடு வந்தது. காசே கூடாது என்று தொடங்கிய சங்கத்தின் செயலாளர், ஹாக்கியில் காசு பார்த்த மிகப் பெரிய கட்டடத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தார். ஆண்டாண்டாக நடந்த மாற்றம் இது. அவரும் அதோடு மாறினார் என்பதுதான் உண்மை.

கொள்கை அதிகாரபூர்வமாக முறிந்தது 1936இல். அந்த ஆண்டு ஜெர்மனியின் கார்மிஷ்-பார்டென்கிர்கனில் நடந்த ஒலிம்பிக்ஸில் கனடாவின் போர்ட் ஆர்தர் அணி பிரிட்டனிடம் 2–1 என்று தோற்றுத் தங்கத்தை இழந்தது. நாட்டில் பெருமந்த நிலை. ஆட்டத்துக்காக வெளியூர் போகிறவன் அன்றைய கூலியை இழக்கிறான். வேலை போய்விடுமோ என்றும் பயப்படுகிறான். கனடா அமெச்சூர் ஹாக்கி சங்கம் நான்கு மாற்றங்களை முன்வைத்தது. ஆட்டத்தால் இழக்கும் கூலியை ஈடுகட்டலாம். ஹாக்கித் திறமையால் நேர்மையான வேலை ஒன்றைப் பெறுவது குற்றமல்ல. சம்பள அணிகளோடு காட்சி ஆட்டம் ஆடலாம். வேறொரு விளையாட்டில் சம்பளம் வாங்குகிறவர் ஹாக்கியில் அமெச்சூராக ஆடலாம். எல்லா விளையாட்டுகளுக்கும் தலைமை தாங்கிய கனடா அமெச்சூர் தடகள ஒன்றியம் இதை ஏற்கவில்லை. ஹாக்கி சங்கம் ஒன்றியத்தை விட்டே வெளியேறியது. 1898இல் பெர்லின் அணி இந்த விதிகளின் கீழ் ஆடியிருந்தால் வெளியேற்றம்வரை போயிருக்குமா என்பது சந்தேகமே. வெளியேறிய சங்கத்தின் பதிவாளர்–பொருளாளர் ஹெவிட். தேசிய லீகோடு ஒப்பந்தம் பேசிய குழுவிலும் அவர் இருந்தார்.

அந்த ஒப்பந்தங்களால் அமெச்சூர் சங்கங்களுக்குப் பணம் வந்தது. அதன் மறுபக்கமாக, தேசிய லீக் அணிகள் இளையோர் அணிகளைத் தத்தெடுத்து, பதினாறு, பதினேழு வயதுப் பையன்களின் எதிர்காலத்தை ஒரு கையெழுத்தில் வாங்கிக்கொள்ளும் முறையும் வளர்ந்தது. அது முழுவதுமாக ஒழிந்தது 1960களின் இறுதியில், லீக் அணிகள் முறை வைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொதுத் தேர்வு முறை வந்த பிறகு. ஒரு சிற்றூர்ப் பையனைச் சங்கத்தின் பிடியிலிருந்து காப்பாற்றப் போய் லீகின் பிடியில் கொடுத்ததாக நான் இதைப் பார்க்கிறேன். ஹெவிட் தலைமுறை நிர்வாகிகள்மேல் எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான், டெய்லர் விவகாரத்தைவிடப் பெரியது. பதிவேட்டை இவ்வளவு கவனமாக வைத்திருந்தவர்களுக்கு, அதிலுள்ள பெயர்களுக்கும் ஓர் உரிமை இருக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

அவருக்கு நல்ல பெயர் வாங்கித் தந்த இன்னொரு காரியம் மெமோரியல் கோப்பை. முதல் உலகப் போரில் மாண்ட ஆட்டக்காரர்களின் நினைவாக, இளையோர் பிரிவின் நாட்டளவிலான பரிசாக 1919இல் ஒன்டாரியோ சங்கம் அதை ஏற்படுத்தியது. யோசனை கேப்டன் ஜேம்ஸ் சதர்லேண்டுடையது. ஹெவிட் பின்னாளில் அதன் அறங்காவலர்களில் ஒருவரானார், ஆலன் கோப்பைக்கும் அப்படியே. இன்றும் கனடாவின் இளையோர் ஹாக்கியில் மிகப் பெரிய பரிசு அதுதான்.

ஹாக்கிக்கு வெளியே கனடிய ரக்பி கால்பந்தில் டொராண்டோ ஆர்கோனாட்ஸ் அணியின் மேலாளராக இருந்தார், குதிரைப் பந்தயங்களில் நெடுங்காலம் மேற்பார்வை அதிகாரியாகவும் இருந்தார். விதியைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்று பார்ப்பவர் என்ற வேடம் எல்லா விளையாட்டிலும் அவருக்குப் பொருந்தியது.

புகழ் மண்டபத்துக்கு முதல் உறுப்பினர்களை 1945இல் தேர்ந்தெடுத்த குழுவின் தலைவர் ஹெவிட்டே. இரண்டு ஆண்டுகளில் அவரே உள்ளே போனார். அதனால் தனக்குத் தானே மாலை போட்டுக்கொண்டார் என்று சிலர் சொல்லலாம். முதல் பட்டியலில் அவர் பெயர் இல்லை என்பதையும், மாகாணம், நாடு, ஒலிம்பிக்ஸ் என்று மூன்று தளங்களிலும் அவ்வளவு காலம் உழைத்த வேறொருவரை அன்றைய கனடாவில் தேடிப் பிடிப்பது கடினம் என்பதையும் பார்த்தால், அந்தக் குற்றச்சாட்டு நிற்காது.

1966ஆம் ஆண்டு செப்டம்பர் 8 அன்று, 91 வயதில் அவர் இறந்தார். அவர் பல பத்தாண்டுகள் பதிவாளராக இருந்த கனடா அமெச்சூர் ஹாக்கி சங்கம் 1994இல் ஹாக்கி கனடாவோடு இணைந்தது. அமெச்சூர் என்ற சொல் பெயரிலிருந்து போய்விட்டது. 1998 நாகனோ ஒலிம்பிக்ஸில் தேசிய லீகின் கோடீஸ்வர ஆட்டக்காரர்களே கனடாவுக்காக ஆடினார்கள். பதிவு மட்டும் போகவில்லை. இன்றைக்கும் கனடாவில் சங்கத்தின் கீழ் ஆட வரும் சிறுவனின் பெயர், பிறந்த தேதி, வசிப்பிடம், அணி மாறினால் அதற்கான அனுமதி எல்லாம் முதலில் பதிவேட்டில் ஏற வேண்டும், பிறகுதான் பனியில் இறங்கலாம்.